ஒழுங்கற்ற மெஷ்ஷும் கிராபிக்ஸ் கார்டும்: பாம்பன் கடலைத் திரையில் சுழற்றிப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடல் நீரோட்ட மாதிரிகளை ஓட்டி, அதன் முடிவை முப்பரிமாணத்தில் பார்க்க முயலும் மாணவர்கள் ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கமிருந்து போனிலும் நேரிலும் கேட்டவை இவை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பழகியவர்கள் நேராக ஐந்தாவது கேள்விக்குப் போகலாம்.

அண்ணே, வால்யூம் ரெண்டரிங்னா என்ன? மேற்பரப்புக்குக் கலர் அடிச்சுக் காட்டினா போதாதா?

மேற்பரப்புப் படம் கடலின் மேல்தோலை மட்டும் காட்டும். ஐந்து மீட்டர் ஆழத்தில் உப்புத்தன்மை எப்படி இருக்கிறது என்பது அதில் தெரியாது. வால்யூம் ரெண்டரிங்கில் நீர் முழுவதையும் ஒளி ஊடுருவும் பொருளாக எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் உள்ள மதிப்புக்கு ஒரு நிறம், ஓர் அடர்த்தி (பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) கொடுத்து, கண்ணிலிருந்து புறப்படும் கோடு கடந்துபோகும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிக்சலின் நிறத்தைக் கணக்கிடுகிறோம். எந்த மதிப்புக்கு எந்த நிறம், எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் அட்டவணைக்கு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்று பெயர். படம் உண்மையைச் சொல்கிறதா, கண்ணைக் கட்டுகிறதா என்பதில் பாதி இந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் பாக் விரிகுடாவுக்குள் வந்து, பாம்பன் வழியாகத் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் எட்டிப்பார்ப்பதைக் காட்ட வேண்டுமானால் இந்த முறை கைகொடுக்கும். உப்புக் குறைந்த நீருக்கு மட்டும் அடர்த்தி வைத்து மற்றதைக் கண்ணாடியாக விட்டால், நாக்கு நீட்டியதுபோல அது எதுவரை வந்திருக்கிறது என்று தெரியும்.

ஒழுங்கற்ற மெஷ் எதுக்கு? நம்ம கடலுக்கு அது கட்டாயமா?

கடலைச் சம அளவுச் சதுரப் பெட்டிகளாகப் பிரித்தால் அது ஒழுங்கான கட்டம். கரையோரம் சிறிதும் ஆழ்கடலில் பெரிதுமாக முக்கோணங்களைப் போட்டு நிரப்பினால் அது ஒழுங்கற்ற மெஷ். ராமநாதபுரம் கரையில் இரண்டாவதுதான் வேலைக்கு ஆகும். வடகடல், அதாவது பாக் விரிகுடா, பெரும்பாலும் 13 மீட்டருக்குள் அடங்கிவிடும். தென்கடலோ தீவுகளையும் பார்களையும் (கடலடிப் பாறைத் திட்டுகள்) தாண்டிப் போனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறது. நடுவில் பாம்பன் கால்வாய். தெற்கே மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவு வரிசை. கப்பல் போகும் வழி எவ்வளவு ஒடுக்கம் என்றால், 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் தூக்கும் பகுதி 72.5 மீட்டர்தான். இந்த இடத்துக்கு 50 மீட்டர் முக்கோணம் வேண்டும். தென்கடலின் நடுவே இரண்டு கிலோமீட்டர் முக்கோணம் போதும்.

எஃப்விகாம், ஸ்கிஸம் போன்ற மாதிரிகள் இந்த முக்கோணங்களையே மேலிருந்து கீழாக அடுக்கு அடுக்காக வைக்கின்றன. மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம், நடுவில் நீர். அந்தத் துண்டுதான் முப்பட்டகம்.

பேசாம எல்லாத்தையும் கட்டமா மாத்திட்டா என்ன சார்? கார்டுக்கு அதுதானே பிடிக்கும்?

கார்டுக்குப் பிடிக்கும் என்பது சரிதான். ஒழுங்கான கட்டத்தை 3டி டெக்ஸ்சராக ஏற்றிவிட்டால் எந்தப் புள்ளியின் மதிப்பையும் வன்பொருளே இடைக்கணித்துக் கொடுத்துவிடும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு 200 கிலோமீட்டர் பரப்பை 50 மீட்டர் கட்டமாக்கினால் 4000 × 4000, அதாவது 1.6 கோடி செங்குத்து நிரல்கள். ஆழத்தில் 40 அடுக்கு வைத்தால் 64 கோடிப் பெட்டிகள். ஒன்றுக்கு 4 பைட் என்றாலும் ஒரே ஒரு நேரப்படிக்கு (மாதிரி ஒரு கணத்துக்குத் தரும் முடிவுக்கு) 2.56 ஜிபி.

அதே கடலை 50,000 முனைகளும் 20 மட்டங்களும் உள்ள மெஷ்ஷாக வைத்தால் மொத்தம் 10 லட்சம் முனைகள், ஏறக்குறைய 19 லட்சம் முப்பட்டகங்கள். இணைப்பு விவரம் எல்லாம் சேர்த்தாலும் 200 எம்பி பக்கம்தான் வரும். 500 மீட்டர் கட்டம் போட்டு இடத்தை மிச்சப்படுத்தலாமே என்றால், பாம்பன் கால்வாய் நாலைந்து பெட்டிகளாகச் சுருங்கிவிடும். படம் அழகாகத்தான் வரும், பார்க்க வந்த விஷயம்தான் இருக்காது. தென்கடலின் ஆழப் பகுதியை மட்டும் காட்டுகிறீர்கள் என்றால் தாராளமாகக் கட்டமாக மாற்றுங்கள், அங்கே ஒன்றும் கெட்டுப்போகாது.

முப்பட்டகத்தை அப்படியே கொடுக்க முடியாதா? எதுக்கு நான்முகியா வெட்டணும்?

நான்முகிக்கு நான்கு முனை, நான்கு தட்டையான முகம். உள்ளே எந்தப் புள்ளியிலும் மதிப்பை நேர்கோட்டு இடைக்கணிப்பில் சொல்லிவிடலாம். முப்பட்டகத்தின் பக்கவாட்டு முகத்துக்கு நான்கு மூலை. அந்த நான்கும் ஒரே தளத்தில் இல்லையென்றால் முகம் முறுக்கிக்கொள்ளும். கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதே குழப்பமாகும். அதனால் ஒவ்வொரு முப்பட்டகத்தையும் மூன்று நான்முகிகளாக வெட்டுவது வழக்கம். மேலே சொன்ன 19 லட்சம் 57 லட்சமாகும்.

வெட்டும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து முப்பட்டகங்களுக்குப் பொதுவான பக்கவாட்டு முகத்தில் இருவரும் ஒரே மூலைவிட்டத்தைப் போட வேண்டும். ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் போட்டால் நடுவில் விரிசலோ மேற்படிதலோ வரும், படத்தில் அது வரிவரியாகத் தெரியும். இதற்கு எளிய விதி: ஒவ்வொரு பக்கவாட்டு முகத்திலும் எண் மிகச் சிறிய முனையிலிருந்து மூலைவிட்டம் போடுங்கள். உதாரணமாக மேலே 11, 25, 32, கீழே 51, 65, 72 என்று முனைகள் இருந்தால், 11-ஐத் தொடும் இரண்டு முகங்களிலும் கோடு 11-இலிருந்தே கிளம்பும். மூன்றாவது முகத்தில் 25-இலிருந்து 72-க்குப் போகும். பக்கத்து முப்பட்டகமும் அதே எண்களைப் பார்ப்பதால் தானாக ஒத்துப்போகும். மூன்று மூலைவிட்டங்களும் ஒரே திசையில் சுற்றிக்கொண்டு வெட்டவே முடியாமல் போகும் நிலையும் இந்த விதியில் வராது.

கார்டு கோடிக்கணக்கான முக்கோணம் வரையுதுங்கிறாங்க. இந்த மெஷ்ஷுக்கு மட்டும் ஏன் திணறுது?

வரைவதில் திணறல் இல்லை, வரிசையில்தான். ஒளி புகாத பொருளுக்கு கார்டு எந்த வரிசையில் வரைந்தாலும் சரி. ஆழத் தாங்கி (டெப்த் பஃபர்) ஒவ்வொரு பிக்சலிலும் கண்ணுக்கு மிக அருகில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். ஒளி ஊடுருவும் பொருளில் எதையும் தள்ள முடியாது. எல்லாவற்றையும் கலக்க வேண்டும், கலப்பது வரிசையைப் பொறுத்தது.

பாதி அடர்த்தியுள்ள சிவப்பு முன்னாலும், பாதி அடர்த்தியுள்ள நீலம் பின்னாலும் இருந்தால் பிக்சலுக்கு 0.5 சிவப்பு, 0.25 நீலம் கிடைக்கும். வரிசை மாறினால் 0.5 நீலம், 0.25 சிவப்பு. ஒரே நீர், வேறு நிறம். ஒழுங்கான கட்டத்தில் எது முன், எது பின் என்பதைப் பெட்டியின் எண்ணே சொல்லிவிடும். இங்கே 57 லட்சம் நான்முகிகளுக்கும் மவுஸை அசைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரிசை போட வேண்டும். யார் பின்னால் யார் என்று கார்டுக்குத் தானாகத் தெரியாது. இந்தத் துறையில் 1990 முதல் வந்த முக்கிய முறைகளை, வரிசை வேலையை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கான வெவ்வேறு பதில்களாகத்தான் நான் பார்க்கிறேன்.

ஒவ்வொரு நான்முகியோட மையப்புள்ளிக்கும் தூரம் பார்த்து அடுக்கிட்டா முடிஞ்சதே?

செல்கள் (மெஷ்ஷின் துண்டுகள்) எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும். நம் மெஷ்ஷில் பாம்பனுக்குப் பக்கத்தில் 50 மீட்டர் செல், சற்றுத் தள்ளி ஒரு கிலோமீட்டர் செல். பெரிய செல்லின் மையம் எங்கோ பின்னால் இருக்கும், அதன் ஒரு மூலை சின்னச் செல்லுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மையத்தைப் பார்த்தால் பெரியது பின்னால் போகும், உண்மையில் அது முன்னால் வர வேண்டும். படத்தைச் சுழற்றும்போது கரையோரம் நிறம் திடீரென்று துள்ளினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

முறையான வழி 1992-இல் பீட்டர் வில்லியம்ஸ் வெளியிட்டது. இரண்டு நான்முகிகளுக்குப் பொதுவான முகத்தை எடுத்து, கண் அதன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் இருவரில் யார் முன் என்று உறுதியாகத் தெரியும். எல்லா முகங்களுக்கும் இதைக் குறித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வரிசைப்படுத்தினால், செல்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரத்தில் முடிந்துவிடும். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மெஷ் வெளிப்புறமாகக் குவிந்த வடிவில், ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்று இன்னொன்றை மறைக்க, அது மூன்றாவதை மறைக்க, மூன்றாவது முதலாவதை மறைக்கும் வட்டச் சிக்கல் இருக்கக் கூடாது. தீவுகளும் வளைந்த கரையும் உள்ள இந்தக் கடலில் முதல் நிபந்தனையே அடிபட்டுப் போகிறது. அதற்கென்று நீட்டிக்கப்பட்ட முறைகள் உண்டு, வேகம் சற்றுக் குறையும்.

சரி, வரிசை வந்தாச்சு. நான்முகியைக் கார்டு எப்படி வரையும்? அதுக்குத் தெரிஞ்சது முக்கோணம்தானே?

1990-இல் பீட்டர் ஷெர்லியும் ஆலன் டக்மனும் இதற்கு வழி சொன்னார்கள். நான்முகியைத் திரையில் நிழல்போல விழவையுங்கள். வெளிவரை பெரும்பாலும் முக்கோணமாகவோ நாற்கரமாகவோ இருக்கும். முக்கோணமென்றால் நான்காவது முனை உள்ளே விழும், அதை வைத்து மூன்று முக்கோணமாகப் பிரிக்கலாம். நாற்கரமென்றால் மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தை வைத்து நான்கு. அந்த உட்புள்ளியில்தான் நான்முகி மிகத் தடிமன், ஓரங்களில் தடிமன் பூஜ்யம். தடிமனுக்கு ஏற்ப அடர்த்தியைக் கொடுத்துக் கலந்தால் வேலை முடிந்தது.

அடர்த்தி தடிமனோடு நேர்கோட்டில் ஏறாது, அடுக்குக்குறி வளைவில் ஏறும். அதனால் முனைகளுக்கு மட்டும் கணக்கிட்டு இடையில் நேர்கோடு போட்டால் நிறம் பிசகும். 2000-இல் ரோட்கர், கிரவுஸ், எர்ட்ல் மூவரும் நுழையும் மதிப்பு, வெளியேறும் மதிப்பு, இடைத் தூரம் மூன்றையும் வைத்து விடையை முன்கூட்டியே கணக்கிட்டு 3டி டெக்ஸ்சரில் ஏற்றிவிட்டார்கள். கார்டு பார்த்து எடுத்தால் போதும். டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை மாற்றினால் அந்த அட்டவணையை மறுபடி போட வேண்டும். கலர் பட்டையை இழுக்கும்போது சில மென்பொருள்கள் ஒரு நொடி திகைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கே-பஃபர்னு ஒரு பேப்பர்ல படிச்சேன். அது என்ன புதுசா?

புதிது இல்லை, 2005. காலகன், இக்கிட்ஸ், கோம்பா, சில்வா ஆகியோரின் வேலை. நான்முகியை விட்டுவிட்டு அதன் முகங்களை எடுத்துக்கொள்கிறார்கள். சிபியு முகங்களை ஏறக்குறைய வரிசைப்படுத்திக் கொடுத்தால் போதும். கார்டு ஒவ்வொரு பிக்சலிலும் கடைசியாக வந்த சில துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் சின்ன வரிசைத் தப்பைத் திருத்தி, முதலில் போக வேண்டியதைக் கலந்துவிட்டு அடுத்ததை வாங்கும். கையில் வைத்திருக்கும் எண்ணிக்கைதான் கே. தப்பு அந்த எண்ணிக்கைக்குள் அடங்கினால் படம் சரி, மீறினால் பிசகும். செல் அளவு திடீரென மாறும் மெஷ்ஷில் மீற வாய்ப்பு அதிகம். காரணம் மையப்புள்ளிக் கேள்வியில் சொன்னதேதான்.

கதிர் விட்டுப் பார்க்கிற முறையில வரிசையே தேவையில்லையாமே?

ஆமாம், அதனால்தான் இன்று எனக்கு அது பிடித்த வழி. ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் ஒரு கோடு. எந்த நான்முகியில் நுழைந்தது, எந்த முகம் வழியாக வெளியேறும், அந்த முகத்துக்கு அப்பால் எந்த நான்முகி என்று பக்கத்து வீட்டு எண்ணைப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டே போகும். நடக்கும் வரிசையே முன்பின் வரிசை. 2003-இல் வைலர், கிரவுஸ், மெர்ஸ், எர்ட்ல் நால்வரும் முனைகளையும் அண்டை எண்களையும் டெக்ஸ்சரில் வைத்து முழு நடையையும் கார்டிலேயே செய்துகாட்டினார்கள். கேமரா மாறினாலும் கார்டிலிருக்கும் தரவை அசைக்க வேண்டாம்.

நம் ஊரில் இது எங்கே இடறும் தெரியுமா? வடகடல் பக்கமிருந்து தெற்கே தாழ்வாகப் பார்க்கும் கோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வடகடல் நீருக்குள் செல் செல்லாக நடந்து வரும். ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் கரையில் கடைசி நான்முகியின் வெளிமுகத்துக்கு வந்ததும் அண்டை எண் இல்லை என்று பதில் வரும், ஏனென்றால் அப்பால் தரை. நடை அங்கேயே நின்றுவிட்டால் தீவுக்குத் தெற்கே உள்ள தென்கடல் நீர் முழுவதும் படத்தில் காணாமல் போகும். இதற்கு இரண்டு வழி. நிலத்தையும் வெறும் நான்முகிகளால் நிரப்பி, அடர்த்தி பூஜ்யம் வைப்பது ஒன்று. வெளிமுகங்களை மட்டும் அடுக்கடுக்காக உரித்து, ஒவ்வொரு மறுநுழைவையும் குறித்துக்கொண்டு நடையை அங்கிருந்து தொடர்வது மற்றொன்று. வெளிமுகங்கள் மொத்தத்தில் சிறு பகுதிதான் என்பதால் இரண்டாவதே லாபம்.

ஆர்டிஎக்ஸ் கார்டு வாங்கினா இதெல்லாம் தானா வேகமாயிடுமா?

தானாக ஆகாது. அதிலுள்ள கதிர்த்தேடல் வன்பொருள் ஒரு கோடு எந்த முக்கோணத்தை முதலில் தொடும் என்பதை மிக வேகமாகச் சொல்லும். அதைக் கேட்கும்படி நிரல் எழுதியிருந்தால்தான் பலன். 2019-இல் இங்கோ வால்டும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு தந்திரம் காட்டினார்கள்: ஒரு புள்ளி எந்த நான்முகிக்குள் இருக்கிறது என்று அறிய அங்கிருந்து ஒரு கோடு விட்டு, முட்டும் முகத்தைக் கேட்பது. பழைய மென்பொருளை அப்படியே ஓட்டுவதற்காகப் புதுக் கார்டு வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு அதிக நினைவகம் உள்ள கார்டே மேல்.

என் லேப்டாப்புல தனி கார்டே இல்லை. என்ன செய்ய?

முதலில் பகுதியை வெட்டுங்கள். பாம்பனைச் சுற்றி 20 கிலோமீட்டர் போதுமென்றால் தொண்டியையும் சாயல்குடியையும் ஏன் சுமக்க வேண்டும்? அப்புறம், சுழற்றும்போது குறைந்த தரம், கையை எடுத்ததும் முழுத் தரம் என்று வையுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறிக் காற்றையே நம்பியிருக்கும் அறையில் லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாராவியூல மேப்பர்னு நாலு இருக்கு. எதைப் போடணும்?

பாராவியூ இப்படிப்பட்ட படங்களை வரையும் மென்பொருள், மேப்பர் என்பது அதில் வரையும் முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம். புராஜெக்டெட் டெட்ரா என்பது ஷெர்லி, டக்மன் முறை. முப்பட்டகத்தை அதுவே வெட்டிக்கொள்ளும். வேகம் நன்று, ஆனால் அதன் அடியில் இருக்கும் விடிகே என்ற நிரல் தொகுப்பு இயல்பாகச் செல் மையத்தின் ஆழத்தை வைத்தே வரிசைப்படுத்துகிறது. கரையோரத் துள்ளல் வரலாம். பன்யக் ரே காஸ்ட், இசட் ஸ்வீப் இரண்டும் சிபியுவில் ஓடும். மெதுவானவை, படம் நம்பகமானது. ரீசாம்பிள் டு இமேஜ் கட்டமாக மாற்றிக் காட்டும், அதன் குறை மேலே சொன்னதே. நான் செய்வது: கோணம் தேடும்வரை முதலாவது, ஆய்வேட்டில் வைக்கும் படத்துக்குப் பன்யக்.

மெஷ்ஷைத் திறந்தா ஊசி மாதிரி செங்குத்தா நிக்குது. ஒருத்தனுக்குத் தட்டையா கோடு மாதிரி வருது. ஏன்?

ஊசி வந்தால் கிடைமட்டம் பாகையிலும் ஆழம் மீட்டரிலும் இருக்கிறது. ஒரு பாகை அகலத்தை 1 என்றும் பத்து மீட்டர் உயரத்தை 10 என்றும் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. முதலில் எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றுங்கள். மாற்றியதும் கோடாகிவிடும், அதுவும் சரிதான். 100 கிலோமீட்டர் அகலத்துக்கு 10 மீட்டர் ஆழம் என்றால் ஆயிரம் பிக்சல் அகலத் திரையில் ஆழத்துக்குக் கிடைப்பது பிக்சலில் பத்தில் ஒரு பங்கு. 500 மடங்கு செங்குத்தாக நீட்டினால் 50 பிக்சல் ஆகும்.

இங்கேதான் பலர் கவனிக்காத விஷயம். நீட்டினால் செங்குத்துக் கோட்டின் நீளமும் 500 மடங்காகிறது, கிடைமட்டக் கோடு மாறுவதில்லை. அடர்த்தி கோட்டின் நீளத்தைப் பொறுத்தது என்பதால், மேலிருந்து பார்த்தால் நீர் இருண்டும் பக்கவாட்டில் பார்த்தால் வேறு மாதிரியும் தெரியும். நீட்டலை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் அடர்த்தியையும் அதன் அலகுத் தூரத்தையும் (எவ்வளவு நீளத்துக்கு அந்த அடர்த்தி என்பதை) வையுங்கள். இரண்டு படங்களை ஒப்பிடும்போது நீட்டல் ஒன்றாகவே இருக்கட்டும்.

சுத்தும்போது புள்ளிப் புள்ளியா மின்னுது, சில இடத்துல ஓட்டையா தெரியுது. கார்டு போயிருச்சா?

கார்டு நன்றாகத்தான் இருக்கும். ஆயத்தொலைவுகளைப் பாருங்கள். ராமேஸ்வரத்தின் யூடிஎம் (மீட்டரில் இடம் குறிக்கும் வரைபட முறை) வடக்கு மதிப்பு பத்து லட்சம் மீட்டருக்குச் சற்று மேல். 32 பிட் எண்ணில் அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடைவெளி ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். அவற்றைப் பெருக்கிக் கழித்து ஒரு கோடு முகத்தின் எந்தப் பக்கம் என்று கேட்டால் விடை தவறலாம், நடை வழிதவறி ஓட்டை விழும். பாம்பனையே தொடக்கப்புள்ளியாக வைத்து எல்லா எண்ணிலும் அதைக் கழித்துவிடுங்கள், முடிந்தால் இரட்டைத் துல்லியத்தில் கழித்த பின் கார்டுக்கு அனுப்புங்கள்.

அதற்குப் பின்னும் மின்னினால், நீர் வற்றும் இடங்களில் அடுக்குகள் ஒட்டிப்போய்ப் பருமன் பூஜ்யமான நான்முகிகள் இருக்கும். பூஜ்யத்தால் வகுத்து வரும் குப்பை மதிப்புதான் அந்தப் புள்ளிகள். மிகச் சிறு பருமன் உள்ளவற்றை வரையும் முன் நீக்குங்கள். ஆனால் கதிர்முறையில் நீக்கினால் அண்டை எண்களையும் திருத்த வேண்டும், இல்லையென்றால் கோடு பாதியில் நிற்கும்.

கடல் முழுக்க ஒரே நிறமா இருக்கு, கலர் பட்டையில மைனஸ் 99999 காட்டுது.

வற்றிய முனைகளுக்கு மாதிரி போட்டுவைக்கும் அடையாள எண் அது. அதை வடிகட்டுங்கள், பட்டையை உண்மை வீச்சுக்குச் சுருக்குங்கள். வடிகட்டாமல் இடைக்கணித்தால் கரையோர நான்முகிகள் எல்லாம் கெட்ட மதிப்பைக் குடித்துவிடும்.

நேரப்படி மாறும்போது மெஷ்ஷை மறுபடி ஏத்தணுமா?

முக்கோண இணைப்பு மாறாது, அதனால் அண்டை எண்களை ஒரு தடவை ஏற்றினால் போதும். மாறுவது மதிப்புகள், 10 லட்சம் முனைக்கு 4 எம்பி. ஓதத்தோடு அடுக்குகள் ஏறி இறங்கும் மாதிரி என்றால் முனைகளின் உயரத்தையும் அனுப்ப வேண்டும், இன்னொரு 4 எம்பி. ஒன்றைக் கவனியுங்கள்: எஃப்விகாமில் உப்பும் வெப்பமும் முனையில் இருக்கும், நீரோட்ட வேகம் முக்கோண மையத்தில் இருக்கும். வேகத்தை முனைக்குக் கொண்டுவரச் சராசரி எடுத்தால் ஒடுங்கிய கால்வாயில் உச்ச வேகம் குறைந்து தெரியும்.

தம்பி, இந்தப் படத்தைப் பார்த்து நீவாடு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சொல்ல முடியுமா?

இதைக் கேட்டவர் பாம்பனில் விசைப்படகு வைத்திருப்பவர், மாணவரல்லர். நேர்மையான பதில்: இந்தப் படத்தில் முடியாது. வால்யூம் ரெண்டரிங் ஓர் இடத்துக்கு ஓர் எண்ணைத்தான் காட்டும். நீவாடு என்பது நீரோட்டம், அதற்குத் திசை உண்டு. வேகத்தின் அளவைக் காட்டலாம், இழுப்பது வடக்கா தெற்கா என்பதற்கு அம்புக்குறியோ ஓட்டக்கோடோ வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். வடகடலில் பல நாள் மேலிருந்து கீழ்வரை நீர் நன்றாகக் கலந்து ஒரே மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட நாளுக்கு மேற்பரப்பு வரைபடமும், கால்வாயின் குறுக்கே ஒரு வெட்டுமுகமும் போதும். உப்புக் குறைந்த நீர் மேலே மிதந்து வரும் நாட்களுக்கும், தென்கடலில் பார் தாண்டிய சரிவுக்கும் இந்த முறையை வைத்துக்கொள்ளலாம்.